பதினோராவது கம்பம்

நான்காவது முறையும் அறுத்துக்கொண்டு போனபோது
மேலாளர் சில்வாம்பா பெருமூச்சுகூட விடவில்லை.
பேரேட்டை மூடினார்.
"இனி அலுமினியம்."

கித்வேயில் இது வேடிக்கைதான்.
நாங்கள் நிற்கும் தரைக்கு ஒரு கிலோமீட்டர் கீழே
இரவும் பகலும் செம்பு வெட்டுகிறார்கள்.
ரயில் ரயிலாகக் கடலுக்குப் போகிறது.
சம்போலித் தெருவிளக்குக்கு மட்டும்
செம்பு கட்டுப்படியாகாது.

செம்புச் சுருளைச் சுமந்து கம்பம் ஏறியவள் நான்.
தோள்பட்டை மறக்காத கனம் அது.
வளைத்தால் வளைந்தபடி நிற்கும்.
திருகை முடுக்கிவிட்டுப் பத்து வருடம் கழித்துப் போனாலும்
வைத்த இடத்திலேயே இருக்கும்.
வெயிலில் கறுக்கும், மழைக்குப் பச்சையாகும்.
களிம்பு என்று நாம் முகம் சுளிப்பது
அது தனக்குத் தைத்துக்கொண்ட சட்டை.

அலுமினியச் சுருளை ஒற்றைக் கையால் தூக்கினேன்.
தூக்கிய பிறகு சந்தேகம் வந்தது,
இதற்குள் ஏதாவது இருக்கிறதா?
அதே மின்சாரம் போக
ஒன்றரை மடங்குக்கும் மேல் பருமன் வேண்டும்,
அப்படியும் எடை பாதிதான்.
சுரண்டினால் வெள்ளியாய் மின்னும்,
இமை மூடித் திறப்பதற்குள்
கண்ணுக்குத் தெரியாத தோல் படர்ந்துவிடும்.
துருவேறவிடாத தோல்.
மின்சாரத்தையும் உள்ளே விடாது.
திருகின் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் நழுவும்,
யாரும் பார்க்காதபோது.
வருடா வருடம் போய் முடுக்க வேண்டும்;
இல்லையென்றால் சூடேறும், கருகும்,
ஒருநாள் தீ.

இரண்டையும் நேரடியாகக் கட்டக்கூடாது.
ஒரு மழைத்துளி நடுவில் புகுந்தால் போதும்,
செம்பு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே
அலுமினியம் கரைந்து மாவாகிவிடும்.
மின்மாற்றியின் முனையோ செம்பு.
பாதி இது, பாதி அது என்று வார்த்த இணைப்புமுனை
லுசாக்காவிலிருந்து வரவேண்டும்.
வியாழன் வரும் என்றார்கள்.
எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

பதினோராவது கம்பத்தடியில் லோம்பே வந்து நின்றான்.
வலது கையில் துணிக்கட்டு,
அதன் ஓரத்தில் வெந்த தோல்.
எப்படி என்று கேட்கவில்லை நான்.
அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.

"அது கிலோ என்ன விலைக்குப் போகும்?"

"செம்பில் கால் பங்கு."

சிரித்தான்.
"அதற்குப் போய் யார் உயிரைக் கொடுப்பார்கள்?"
சொன்னவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.
போன மழைக்காலத்தில்
மருத்துவமனை வளைவில் விழுந்து கிடந்தவன்
அவன் தம்பி.
கம்பியை வெட்டியது சரி,
எந்தக் கம்பி உயிரோடிருக்கிறது என்று
அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு இடக்கையால் கால்சட்டைப் பையைத் துழாவி
மூன்றை எடுத்து நீட்டினான்.
பாதி சிவப்பு, பாதி வெளுப்பு.
"அந்த வளைவில் அறுத்ததோடு வந்தது.
பழைய உலோகம் வாங்குகிறவர் எடுக்கவில்லை.
கலப்படமாம்.
செம்புத் தட்டிலும் வைக்கமாட்டாராம்,
அலுமினியத் தட்டிலும் வைக்கமாட்டாராம்."

எனக்கு மூன்றுதான் வேண்டியிருந்தது.

கம்பித் தூரிகையால் தேய்த்தேன்,
தோல் திரும்புமுன் பசையைத் தடவினேன்,
செம்பைச் செம்போடும்
அலுமினியத்தை அலுமினியத்தோடும் சேர்த்து முடுக்கினேன்.
கீழே லோம்பே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்,
ஒரு கையால்.

ஆறே முக்காலுக்கு விளக்கு வந்தது.
எங்கோ ஒரு வானொலி விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கியது.
தூரத்தில் சுரங்கக் கோபுரத்தின் விளக்குகள்,
அவை அணைந்ததே இல்லை.

"இணைப்புமுனை எங்கிருந்து?" என்று படிவத்தில் ஒரு கட்டம்.
கையிருப்பு, என்று எழுதினேன்.

இறங்குமுன் கம்பத்தில் சுண்ணக்கட்டியால்
அடுத்த வருடத்துத் தேதியைக் குறித்தேன்,
வந்து முடுக்குவதற்கு.
செம்பாக இருந்திருந்தால்
திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன்.