சொந்த லாரி இல்லாதவள்

"உங்களிடம் எத்தனை லாரி?" என்றார்
ஜேக்கப்ஸ் பேட்டை டைல்ஸ் கம்பெனிக்காரர்.
ஒன்றுகூட இல்லை என்றேன்.
பேனாவை மூடிவிட்டார்.

இருப்பது ஒரு கோடு போட்ட நோட்டு.
பெகானி மாதக் கடைசி வெள்ளி சபைக்குப் போவான், கூப்பிடாதே.
டெண்டாய்க்குப் பாதி வாடகை முன்பணம்; கொடுத்தால்தான் டீசல்.
தவனேசன் பொய் சொன்னால் இருமுவான்.

மூடிய பேனாவோடு
ஒரே ஒரு லோடு தந்தார், பரீட்சைக்கு.

இரவு இரண்டேகால். வான் ரீனன் கணவாய்.
"சிஸி, லாரியின் மூக்கே தெரியவில்லை,
ஓரங்கட்டிவிட்டேன்" என்றான் பெகானி.
நல்லது, தூங்கு.

பிறகு டைல்ஸ்காரரை எழுப்பினேன்.
அவர் கேட்கும் முன்னே கெட்ட செய்தி:
காலையில் ஜோபர்க் சேராது. மத்தியானம்தான்.
ஆனால் ஒரு ஓடும் உடையாது.
அந்தப் பக்கம் நீளமாய் ஒரு கொட்டாவி.
வசவு இல்லை.

செவ்வாய்க்கு இரண்டு லோடு,
அடுத்த செவ்வாய்க்கு ஐந்து.
நேற்றுக் கேட்டார்:
"அந்த மூடுபனிக்காரன் நல்ல பையன்.
அவன் நம்பர் என்ன?"

ஜன்னலுக்கு வெளியே, டர்பன் துறைமுகத்தில்,
தூக்கிய பெட்டியை இறக்காமல்
நின்றது ஒரு கிரேன்.

"அவன் போன் ரிப்பேர் சார்"
என்றேன்,
இருமிக்கொண்டே.