புள்ளி வைத்த வட்டம்

பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம்.
செத்தால் குறுக்கே ஒரு கோடு.
புற்றுநோய் என்றால் உள்ளே கறுப்பு.
டொக்டர் ஃபர்ஸானா பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டா:
அம்மா?
நாற்பத்தொன்று. மார்பில் வந்தது. மகரகமையில் முடிந்தது.
வட்டம் கறுத்தது.

நாகேஸ் சித்தி?
முப்பத்துமூன்று.
என்ன வருத்தம்?
வருத்தம் ஒன்றுமில்லை. மாத்தளன். செல்.
கறுப்புப் பூச ஏலாது, கோடு மட்டும்.
வர இருந்த நோய்க்கு
நேரம் கிடைக்கவில்லை என்று எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.

சிவகலைச் சித்தி?
வட்டுவாகல் பாலம்வரை எங்களோடு வந்தவ.
டொக்டர் வட்டம் கீறினா.
கோடு போடப் போன பென்சில்
தாளுக்கு மேலேயே நின்றது.
வெளியே பரந்தன் பஸ்
ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

காமெண்ட்ஸில் எனக்கு செக்கிங் வேலை.
தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
அதனால் சொன்னதும் விளங்கியது:
உடம்பிலும் ஒரு செக்கிங் மேசை,
பதின்மூன்றாம் நிறமூர்த்தத்தில்.
சும்மா இருந்தாலும் இழை அறுமாம்.
அறுந்ததை எடுத்து, அளவு பார்த்து, பொருத்திவிட
மேசைக்கு இரண்டு பேர்,
அம்மா அனுப்பிய ஒருத்தி, அப்பா அனுப்பிய ஒருத்தி.
அம்மா அனுப்பியவள் வேலைக்கு வந்ததேயில்லை.
எழுத்துப் பிழை. ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கு.
மற்றவளும் எங்கேயாவது ஒரு மூலையில் களைத்துச் சாய்ந்தால்
கட்டி.

சொந்தத்துக்குச் சொல்லுங்கோ என்றா.

மல்லாவிக்குப் போனேன்.
சிவகலைச் சித்தியின் மகள் டிலக்சனாவுக்கு இருபத்தொரு வயது.
தகப்பன் ஆணைக்குழு ஆணைக்குழுவாய்க் கொண்டு திரிந்த ஃபைல்
இப்போது அவளிடம்.
மூன்று மொழியிலும் கடிதங்கள்,
மூன்றிலும் ஒரே வசனம்: தகவல் இல்லை.
இரத்தம் கொடுத்தாள்.
ஏழு கிழமை.

அதே இடம். அதே எழுத்து.

டொக்டர் பழைய தாளைத் தேடி எடுத்து
சிவகலைச் சித்தியின் வட்டத்துக்குள்
பொட்டளவில் ஒரு புள்ளி வைத்தா.
இவவிட்டயும் இருந்திருக்கு என்றா,
டிலக்சனாவைப் பார்த்தா,
இருக்கு என்று திருத்தினா.

பிறகு ஸ்கான், வருசத்துக்கொருதரம்,
அடுத்த திகதி, கையெழுத்து.
எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள்
எழும்பும்போதுதான் கேட்டாள்:
இந்தத் தாளை
ஒரு போட்டோகொப்பி எடுத்துத் தருவீங்களா டொக்டர்,
ஃபைலுக்கு.