ஐந்தாவதைக் கருவென்று நினைத்திருந்தேன்

மே முதல் அக்டோபர் வரை
குதைபியாவில் எந்தச் சுவருக்கும் காதில்லை.
ஜன்னல் ஏ.சி.கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும்.
அந்த உறுமலுக்கு மேலே தலை நீட்டிய அளவுதான்
எனக்குக் கிடைத்த கிட்டார்,
மூன்றாம் மாடியிலிருந்து,
இரவு ஒன்பதரைக்கு மேல்.

ஒரே மெட்டைத்தான் யாரோ
பிரித்துப் பிரித்துத் தைக்கிறார் என்று
ஜூலையில் புரிந்தது.
ஒரு தடவை மும்மூன்றாய்ப் படியிறங்கி ஓடும்.
ஒரு தடவை கட்டைவிரல் கீழே தனியாக நடந்துபோக
மேலே ஒற்றைச் சுரம் நடுங்கிக்கொண்டே நிற்கும்,
பொங்கப்போகும் பாலின் விளிம்பு.
இன்னொன்று இருட்டில் செருப்புத் தேடும்;
தெரிந்த படிகளெல்லாம் அரை அங்குலம் தாழ்ந்திருக்கும்.
கம்ப்ரஸர் மூச்சு விடும் இரண்டு நிமிடத்தில் மட்டும்
ஒன்று கேட்டிருக்கிறேன்:
விரல் அழுத்தாமல் தொட்டு எடுக்கிறது,
தந்தியின் தலையில் புள்ளி வைத்தாற்போல.
உயிர் நீங்கி மெய் மட்டும் ஒலிக்கிறது.

ஐந்தாவது உரத்தது.
ஆறு தந்தியையும் மொத்தமாக வழித்தெடுப்பது.
இதுதான் கரு, மற்றவை இதன் பிள்ளைகள் என்று
நானாகவே முடிவு கட்டினேன்.
சத்தமாக இருப்பதுதானே தகப்பன்.

பகலில் நான் ரத்தம் எடுப்பவள்.
காலை ஆறுக்கே வரிசை.
எல்லோரிடமும் ஒரே கேள்வி.
கானா காயா?
கழிச்சோ?
அகல்த்?
குமைன் நா போ கயோ?
ஊரில் வாசலுக்கு வந்தவரிடம் கேட்பது.
இங்கே ஆமாம் என்றால்
நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.
நேற்றுக்கூட ஒரு பெயிண்டர், திருடிவிட்டவர் குரலில்:
"ரெண்டே ரெண்டு பேரீச்சம்பழம், சிஸ்டர்."

செப்டம்பரில் ஒருவர் வந்தார். சீட்டில்
வில்ஃப்ரெடோ மகலோனா, ஐம்பத்தொன்று.
"ஹிந்தி பா" என்றார்.
இன்னும் இல்லை என்று அர்த்தம்.
ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும்.
கையை இறுக்கி மூடச் சொன்னேன்.
வலது மூடவில்லை. நகங்கள்.
உப்புத்தாளில் தேய்த்த மினுக்கத்தோடு நீளமாக.
இடது கையில் ஒட்ட வெட்டியிருந்தார்.
இடதையே நீட்டினார்,
விரல் நுனியெல்லாம் காய்ப்பு.
எந்த மாடி என்று கேட்க வாயெடுத்து
அடுத்த டோக்கனை அழைத்தேன்.
ட்யூபை எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினேன்,
எப்போதையும்விட மெதுவாக.

ஜனவரி. ஷமால் காற்று.
ஏ.சி. வாயை அட்டை வைத்து அடைத்தாயிற்று.
அன்றுதான் தொடக்கத்தைக் கேட்டேன்.

சின்னது.
மூச்சு விடாமல் முணுமுணுத்துவிடலாம்.
ஒற்றை விரலால் ஒரு குழந்தை தட்டிவிடும்.
இவ்வளவுதானா என்று கோபம்கூட வந்தது,
ஆறு மாதம் யாரிடமோ ஏமாந்தது போல.

அவர் எல்லாவற்றையும் வாசித்தார்.
நாலாவதில் தடுக்கினார், திரும்பிப் போனார்,
மறுபடி அதே இடத்தில் தடுக்கினார், விட்டுவிட்டார்.
ஐந்தாவது வந்தது, தகப்பனில்லை,
வீட்டுக்கு வந்து சத்தம் போடும் மாமன்.
முடிவில் திரும்பவும் அந்தச் சின்னது,
ஒரு சுரம்கூடக் கூட்டாமல்.
இந்தத் தடவை அதில் பால் நடுங்கியது.
செருப்பு கிடைக்கவே இல்லை.

இங்கே பத்து. கோவையில் பன்னிரண்டரை.
ஹாஸ்டலில் மகன் பச்சைப் புள்ளியோடு விழித்திருந்தான்.
சாப்பிட்டியா?

ம்

நாலு வருஷமாக இதைப் பார்த்ததும்
போனைக் கவிழ்த்துவைப்பேன்.
ஒரு மெய். தலையில் ஒரு புள்ளி.
யாரோ அழுத்தாமல் தொட்டு எடுத்த விரல்.

மேலே கிட்டார்ப் பெட்டியின் கொக்கிகள் விழுந்தன,
ஒன்று, இரண்டு, சற்றுப் பொறுத்து மூன்று.
நானும் அனுப்பினேன்:
ம்