இருபது கிலோ

கல்லுக்கட்டியில் ஒரு கடையில் ஸ்வெட்டர் கேட்டேன்.
"ஊட்டிக்கா?"
பாலைவனத்துக்கு என்றேன்.
சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

மாசியில் போகிறோம். லிவா.
அபுதாபியிலிருந்து காரில் மூன்று மணி நேரம்.
பகலெல்லாம் வாங்கிய சூட்டை
இருட்டியதும் வானத்துக்குக் கொடுத்துவிட்டு
மணல் கையை விரித்துவிடுமாம்.

காரைக்குடிக்காரிக்கு வெயிலைப் பற்றி
யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்றிருந்தேன்.
டாக்டர் ஜெயராக்கினி பேனாவை மூடினார்.
"இங்கே வியர்த்தால் சட்டை சொல்லும்.
அங்கே சொல்லாது. தோலிலேயே காய்ந்துபோகும்.
தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம்.
மணி பார்த்துக் குடியுங்கள்.
ஒன்றுக்குப் போகும்போது நிறத்தைப் பாருங்கள்."
இவர் பக்கம் திரும்பி,
"உங்கள் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று நீரை இறக்குவது.
மாற்றித் தருகிறேன். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது."
எழுதி முடித்துவிட்டு அவரும் கேட்டார்,
அங்கே போய் என்ன பார்க்கப் போகிறீர்கள்?

சேவுகன் முப்பத்தொரு வருஷம் சர்வேயர்.
முதலில் சங்கிலி, அப்புறம் டேப்,
கடைசியில் முக்காலியில் ஏற்றிய மஞ்சள் கருவி.
அண்ணன் தம்பிக்கு நடுவே கல் நட்டவர்.
பள்ளத்தூரில் ஒரு சாண் நிலத்துக்காக
ஒருவர் சட்டையைப் பிடித்தார்.
மத்தியானம் அவரே மோர் கொண்டுவந்தார்.
பணி ஓய்வு நாளன்று மாலையைக் கழற்றாமல்
நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்:
"கல் நடாத மண்ணை ஒருதடவை பாத்துரணும்."
டாக்டரிடம் இதையா சொல்ல முடியும்?
மணல் என்றேன்.

பெட்டிக்குப் புலப்படம் வரைந்திருக்கிறார்.
வடக்கே மருந்து, மருந்துச் சீட்டு முத்திரையோடு.
கிழக்கே உப்புச்சர்க்கரைப் பொட்டலம் பன்னிரண்டு,
உதட்டுக் களிம்பு, கண்ணுக்குச் சொட்டு.
தெற்கில் என் முழுக்கைப் பருத்திச் சட்டைகள்
(சேலை வேண்டாமா என்று கேட்டார்,
மணல்மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்).
மூன்று முள் பிளக். பாஸ்போர்ட் நகல் இரண்டு இடத்தில்.
குடையை அவர் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டார்,
காற்று பிடுங்கிக்கொள்ளுமாம்.
நான் அதைத் திரும்ப உள்ளே வைத்தேன்.
ஆட்சேபணை மனு நிலுவையில் இருக்கிறது.

பத்து நாளாக மத்தியான வெயிலில்
காலுறை, புது ஷூ, தலையில் நனைத்த துண்டோடு
மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி நடக்கிறோம்.
முதல் நாள் ஐந்து நிமிஷம். இன்று இருபத்தைந்து.
எதிர்வீட்டில் வடகத்துக்குக் காவல் இருந்த பெண்
இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.
காக்கை வருவது நின்றுவிட்டது,
அந்தச் சந்தோஷமாக இருக்கலாம்.

நேற்றிரவு மைமூன் வந்தாள்.
தம்பி அங்கே லாரி ஓட்டுகிறான், அவள் சொன்னால் சரியாக இருக்கும்.
பெட்டியைத் திறந்து குருமாப்பொடியை மோந்து பார்த்தாள்.
"கசகசா போட்டியா?"
போடாமல்?
"அங்க அது போதைப்பொருள் கணக்கு. பிடிச்சா உள்ள தான்."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அரைக்கிலோ பொடி அவள் கூடையில் ஏறிப் போனது.
பொட்டலம் ஓரத்தில் கிழிந்திருந்ததை
அப்புறம்தான் கவனித்தோம்.

இரவு ஒன்றரை மணி.
துணியெல்லாம் கட்டிலில்.
காலிப் பெட்டிக்குள் செல்போன் வெளிச்சம் அடித்து
தையலோரமாக ஈரத்துணியால் துடைக்கிறேன்.
இவர் பூதக்கண்ணாடியோடு மூலை மூலையாக வருகிறார்,
அங்குலம் அங்குலமாக,
எவன் சொத்தையோ அளக்கிற மாதிரி.
"இங்க ஒண்ணு."
விரல் நுனியில் வெளிறிய ஒரு துளி.
போன வருஷம் தேவிபட்டினம் போய் வந்த அதே பெட்டி.
கசகசாவா, கடற்கரை மணலா?

நாக்கில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.
பேசாமல் இன்னொரு தடவை கடித்தார்.