ஒத்ரா

புன்தா அரேனாஸில் சில நாள்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
காற்று ஆளைக் கொண்டுபோய்விடாமல் இருக்க.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
அந்த வெள்ளிக்கிழமையும் யெர்காவின் வீட்டுக்குப் போனேன்.
தோள்பையில் அட்டைகள், ஸ்டாப்வாட்ச்,
எண்ணிப் போட்ட நாற்பது உலர்திராட்சை.

அந்த வீட்டில் குழாயின் மேல் குழாயின் படம்.
ஃபிரிட்ஜின் மேல் ஃபிரிட்ஜின் படம்.
கழிப்பறைக் கதவில் வரிசையாக ஆறு,
கை கழுவும் ஐந்தாவது படத்தில் பாதி
கடித்துத் தின்னப்பட்டிருக்கும்.
சமையலறை மேசைதான் வகுப்பு.
மீன் வாடை போக எலுமிச்சை தேய்த்து வைப்பாள் யெர்கா.
மிர்கோ உட்காருமுன் மேசையை முகர்வான்,
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஐந்து வயது. பதினோரு வாரமாக
ஒரே ஒரு சொல்:
ஒத்ரா. இன்னொரு தடவை.
திராட்சையைக் காட்டுவேன். ஐந்து நொடி.
நானே சொல்லிக்காட்டுவேன். ஐந்து நொடி.
கழித்தல் குறி.
திராட்சை. ஐந்து நொடி.
கழித்தல் குறி.
நான் போன பிறகு
வெங்காயம் நறுக்கிக்கொண்டே யெர்கா பத்து தடவை.
ஜலசந்திப் படகில் வேலைபார்க்கும் நிபால்தோ
ஈர பூட்ஸைக் கழற்றாமலே இருபது தடவை.
"பாதி சொன்னான்" என்று ஓரத்தில் எழுதிவைப்பான்.
பாதிக்குக் கட்டம் இல்லையென்று
நான் அவனிடம் சொல்லவில்லை.

படிவத்தில் ஏழாவது வரி: கைகள் அமைதி.
மகிழ்ந்தால் மிர்கோவின் கைகள்
தோள்வரை எழும்பி உதறும், ஈரம் உதறுவதுபோல.
மேசைமேல் மெல்ல அழுத்திவைக்கத்தான்
எனக்குக் கற்றுத்தந்திருந்தார்கள்.
இரண்டாம் வாரம் யெர்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"பேச்சு வரட்டும், கழிப்பறை வரட்டும்.
அதை மட்டும் விட்டுவிடு.
சந்தோஷமாக இருக்கிறான் என்று
எனக்கு வேறெப்படித் தெரியும்?"
அன்றிலிருந்து ஏழாவது வரியில் எழுதுகிறேன்:
நேரம் போதவில்லை.
மேற்பார்வையாளர் நம்புகிறார்,
அல்லது நம்பியதாகக் கையெழுத்திடுகிறார்.

வெள்ளிக்கிழமை, நான்கு இருபது.
பதினெட்டுத் திராட்சை, பதினெட்டுக் கழித்தல்.
கொண்டி சரியாக விழவில்லை போல.
அறைந்து திறந்தது கதவு.
பறந்தன அட்டைகள்: பசு, பந்து, கரண்டி, கோபமான முகம்.
அடுப்பு அணைந்தது.
ஓடிப்போய் முதுகால் தள்ளி மூடினேன்.
காது அடைத்ததுபோல் ஓர் அமைதி.
அதற்குள்ளிருந்து,
என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்து,
"ஒத்ரா" என்றான்.

நான் கேட்கவில்லை. கையில் திராட்சை இல்லை.
ஐந்து நொடி.
பேச்சு வராமல் நின்றது நான்தான்.
யெர்கா கத்தியோடு வந்தாள்,
முழங்கையால் என்னை ஒதுக்கினாள்,
கொண்டியை எடுத்தாள்.

மூடினோம்.
ஒத்ரா.
திறந்தோம்.
மாவு பறந்தது, நாள்காட்டி ஆணியோடு போனது,
கணப்பின் சூடு மொத்தமும், இன்னும் கட்டாத
அந்த மாத எரிவாயு பில்லோடு சேர்ந்து,
தெருவில் இறங்கி நடந்தது.
ஒத்ரா.
பதினான்கு தடவை இருக்கும்.
எண்ண வேண்டியவள் நான்,
என் கைகள் இரண்டும் கதவுப்பிடியில்.
அவன் கைகள் தோளுக்கு மேல்.

திங்களன்று சிவப்பு மையில் ஒரு கேள்வி:
"இந்தப் பரிசுப்பொருள்
வீட்டில் எப்போதும் கிடைக்குமா?"
அக்டோபரிலிருந்து பிப்ரவரிவரை, என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு என்ன செய்வதென்று
நிபால்தோ மின்விசிறி விலை கேட்டிருக்கிறான்.
இந்த ஊரிலா என்று
கடைக்காரர் சிரித்தாராம்.
பெரியதாக வேண்டும் என்றானாம்,
கதவளவு.