பதினெட்டா, பதினைந்தா

தவுக்கே பதினெட்டு இஞ்ச்சைப் போட்டுக் காட்டினார்.
கடை மீன்தொட்டி நடுங்கியது.
மீன்களெல்லாம் ஒரே மூலைக்கு ஒதுங்கின.
"இதான்டா" என்றான் கோகிலவாணன்
நெஞ்சில் கை வைத்து.

நான் டேப்பை இழுத்தேன்.
வேனில் டயர் மேடுகளுக்கு நடுவே நூற்றுப் பத்து செண்டிமீட்டர்;
இரண்டு பெட்டி சேர்ந்தால் நூற்று இருபது.
ஒவ்வொன்றும் எழுபத்தெட்டுக் கிலோ.
தூக்க இரண்டே பேர்,
அதில் ஒருவனுக்குக் குடலிறக்கத் தையல் பிரித்து
மூன்று வாரம்கூட ஆகவில்லை.
(அவன்தான் நெஞ்சில் கை வைத்தவன்.)

பதினைந்தைப் போட்டார்.
தண்ணீர் லேசாய்ச் சிலிர்த்தது.
மீன்கள் பாட்டுக்கு நீந்தின.

எங்கள் தோட்ட மண்டபத்தை நானறிவேன்.
தகரக் கூரையின் மூன்றாம் வரிசை ஆணி
ஒரே ஒரு தாழ்ந்த சுரத்துக்கு மட்டும்
கிணுகிணுக்கும்.
பதினெட்டு போனால் கூரை முழுக்கச் சேர்ந்து பாடும்;
மாப்பிள்ளை வீட்டார்
மிச்சப் பணத்தைத் தர யோசிப்பார்கள்.

பதினைந்து, இரண்டு.
முந்நூறு ரிங்கிட் குறைத்தார், கேபிள் இனாம்.
கோகிலவாணன் கையெழுத்துப் போடும்போதும்
அந்தப் பக்கமே பார்த்தான்.

நிபோங் திபால் சிக்னலில் நின்றோம்.
செம்பனைக் குலை குவிந்த லோரியொன்று
பக்கத்தில் உறுமி நகர்ந்தது.
கண்ணாடி அதிர்ந்தது, சீட் அதிர்ந்தது,
என் கடைவாய்ப் பல் அதிர்ந்தது.

"கேட்டியா?" என்றான்.
பச்சை விழுந்தும்
நான் கியர் போடவில்லை.