முதல் தோட்டா

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
கையுறை கழற்றிய மாரித்
குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே
பேருந்துச் சீட்டை ஓட்டிப் பார்க்கிறாள்.
எங்கும் தட்டவில்லை.
இழுத்துவிட்டால் பூட்டு
முனகாமல் போய் உட்காருகிறது.

நூறு மீட்டர். ஐந்து தோட்டா.
தானே துப்பித் தானே நிரப்பிக்கொள்கிறது;
தோள்பட்டைதான் எண்ணுகிறது.

தாளில் நான்கு துளைகள்,
மேலே தன் நாணயத்தை வைத்து
மூடிக் காட்டுகிறார் விற்க வந்த ஓஸ்மோ.
ஒன்று மட்டும்
நான்கு விரற்கடை தள்ளி.
"கடைசியில் காற்று."
ஸ்ப்ரூஸ் கிளையில் பனி உதிரவேயில்லை.

கடைசி இல்லை, ஓஸ்மோ.
அதுதான் முதலாவது.
குழல் சில்லிட்டிருந்தபோது போனது.
சூடேறட்டும் என்று
நின்றுகொண்டிருக்குமா மூஸ்?

அவர் நாணயத்தைப் பைக்குள் போட்டு
இருநூறு யூரோ குறைக்கும்போது
அவள் ஒரு கையுறையை மாட்டியிருந்தாள்.
மற்றது
துப்பாக்கியின் மேலேயே கிடந்தது.